பெயர் மட்டும் எழுதிய கேசட்டுகள்

சிங்கப்பூர்,
7.3.1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். இங்கே சோறு வேகிறது, துணி காய்கிறது, உன் தம்பி நன்றாகத்தான் இருக்கிறான். உன் உடம்பு எப்படி? நைனாவின் காதுக்குள் ஊதுகிற சங்கு கொஞ்சமாவது ஓய்ந்ததா? மனிதர் தூங்குகிறாரா?

வந்து ஏழு வாரம் ஓடிவிட்டது. கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கித் துரு அடிக்கிற வேலை. திருவொற்றியூர்ப் பட்டறையில் நைனாவும் அவருக்குப் பின்னால் நானும் வெட்டவெளியில் அடித்த அதே துருதான். இங்கே மூடின டப்பாவுக்குள் அடிக்கிறோம், சுத்தியலுக்குப் பதிலாகக் காற்றில் ஓடுகிற மெஷின். முடித்துவிட்டு அறைக்கு வந்தால் பன்னிரண்டு பேர், நாலு டேப் ரெக்கார்டர். நாலும் ஒரே நேரத்தில் அலறும். என் மேல்கட்டில் மாசானம், திருநெல்வேலிக்காரன், அவனே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான்.

போன ஞாயிறு சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போனேன். ஒரு சீனத் தாத்தா ஷூ டப்பா நிறையக் கேசட் வைத்திருந்தார். முப்பத்திரண்டு. யார் வைத்திருந்து யார் விற்றதோ தெரியாது. பாடினவர் பெயர் இல்லை, பாட்டின் பெயர் இல்லை. ஒவ்வொன்றின் மேலும் நீல மையில் பாட்டு என்ன வகை என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஸ்லோகோர். ஷூகேஸ். லோ-ஃபை. ஆம்பியன்ட். இப்படியெல்லாம் வகை உண்டா? நமக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாப் பாட்டு, கானா, சாவுக்குப் பாடுகிற கானா, அவ்வளவுதானே.

ஒரு பழைய வாக்மேனும் வாங்கி, முதலில் ஸ்லோகோரைப் போட்டேன். அக்கா, ஒருத்தன் கிடாரில் ஒரு கம்பியைத் தட்டுகிறான். நிறுத்துகிறான். போய் டீ குடித்துவிட்டு வந்துதான் அடுத்த கம்பியைத் தட்டுவான் போலிருக்கிறது. ஒரு பெண் பாடுகிறாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் யாரையோ சமாதானப்படுத்துகிற குரல். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் முதல் நாள் முதலாக உடம்பில் ஓடிக்கொண்டிருந்த அந்த மெஷின் நின்றது. இது நைனாவுக்குத்தான் என்று உடனே தோன்றியது.

ஸ்லோ புரிகிறது. கோர் என்றால் என்ன? பி.காம். படித்தவள் நீதான், விசாரித்து எழுது. ஊருக்கு வருகிற ஆள் கையில் நாலு கேசட் கொடுத்தனுப்புகிறேன்.

வெயில் ஏறுகிற மாதம், இருவரும் மோர் குடியுங்கள்.

உன் தம்பி,
பீம்ராவ்

வியாசர்பாடி,
25.3.1999

அன்புத் தம்பி பீமுக்கு,

ஜெய்பீம். நான் நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய், நலமில்லை என்று எழுதினால் பயப்படுவாய். ராயபுரம் ஆபீஸுக்கு பஸ் ஏறிப் போய் வரத் தெம்பு இருக்கிறது, அது போதும். நைனா உன் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

கேசட் வந்தது. கோர் என்றால் என்ன என்று எங்கள் ஆபீஸ் நீலாவைக் கேட்டேன். அவள் வீட்டுக்காரர் கப்பலில் ஆபீசர், வெளிநாட்டுப் பாட்டுப் புத்தகமெல்லாம் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார். காட்டுக்கத்தலாகப் பாடுகிற கூட்டம் ஒன்று தங்கள் பாட்டுக்கு ஹார்ட்கோர் என்று பெயர் வைத்ததாம். அவர்களுக்கு எதிராக மெதுவாகப் பாடினவர்களைக் கிண்டல் செய்ய அதே வாலை இவர்களுக்கும் ஒட்டிவிட்டார்களாம். நம் பேட்டையில் ஒல்லியாக இருப்பவனைக் குண்டுமணி என்று கூப்பிடுகிற கதைதான்.

நைனாவிடம் பெயரைச் சொல்லாமல் போட்டேன். முதலில் சிரித்தார். "இன்னாம்மா இது, பாடறவனுக்கு ஜுரமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த அடி எப்ப வுழும்னு பாத்துகினே கீறேன், வுழவே மாட்டேங்குது" என்றார். அப்படிக் காத்திருந்து காத்திருந்து, பீமா, அவர் தூங்கிவிட்டார். முப்பது வருடம் துரு அடித்து அந்த இரைச்சலோடு வீட்டுக்கு வந்த மனிதர். "கம்பெனி சங்கு காதுக்குள்ள ஊதிகினே கீது, ஷிப்ட்டு வுடவே மாட்டறான்" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தவர். பட்டப்பகலில், பையன்கள் கீழே புட்பால் ஆடுகிற கூச்சலில், மூன்று மணி நேரம் தூங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ நாலு பக்கம் எழுதினாய். உன் வலது காதைப் பற்றி ஒரு வரி இல்லை. காதுமூடி கொடுத்திருக்கிறார்களா, போட்டுக்கொள்கிறாயா? எழுது.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

அக்கா,
கார்குழலி

சிங்கப்பூர்,
18.4.1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். பதினாலாம் தேதி இங்கே லீவு இல்லை. மாசானத்துக்கு மட்டும் ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்து பாபாசாகேப் பிறந்தநாள் என்றேன். நைனா மூன்று மணி நேரம் தூங்கினதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் இரண்டு பேர் வேலை செய்தேன். உங்கள் இருவருக்கும் உடம்பு சுகம்தானே?

இந்த முறை லோ-ஃபை மூன்று, ஆம்பியன்ட் இரண்டு அனுப்புகிறேன். லோ-ஃபை என்றால் வீட்டில் உட்கார்ந்து மட்டமான டேப்பில் பதிவு செய்தது என்று மாசானத்தின் சூப்பர்வைசர் சொன்னாராம். பாட்டுக்குப் பின்னால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு ஸ்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். பாடுகிறவன் நடுவில் நாற்காலியை நகர்த்துகிறான், இருமுகிறான், அதையும் விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஹவுசிங் போர்டு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஒருத்தன் பாடினால் இப்படித்தான் இருக்கும். ஆம்பியன்டில் பாட்டே இல்லை, ஒரு பெரிய அறையில் யாரோ கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி.

என் வாக்மேனையும் இதோடு வைத்திருக்கிறேன். டேப் ரெக்கார்டரில் போட்டால் அக்கம்பக்கத்துச் சத்தமும் சேர்ந்து வரும், நைனா காதிலேயே மாட்டிக்கொள்ளட்டும். ஹெட்போனில் வலது பக்கம் கெட்டுவிட்டது, இடது பக்கம் மட்டும்தான் கேட்கும், அவருக்கு அது போதும். நான் வேறு வாங்கிக்கொண்டேன்.

ஷூகேஸ் என்றால் என்ன என்று நீலாக்காவைக் கேட்டு எழுது. கேசட்டில் கிடார் சத்தம் பனிமூட்டம் போல வருகிறது, உள்ளே யாரோ முணுமுணுக்கிறார்கள்.

நைனாவை வெயிலில் நடக்க விடாதே.

உன் தம்பி,
பீம்ராவ்

வியாசர்பாடி,
9.5.1999

அன்புத் தம்பி பீமுக்கு,

ஜெய்பீம். இங்கே அக்னி நட்சத்திரம், மணலி பாக்டரிக் காற்று அடித்தால் மூக்கு எரிகிறது, மற்றபடி குறையில்லை. உன் உடம்பை நீ எழுதினால்தானே எனக்குத் தெரியும்.

நைனாவுக்கு லோ-ஃபைதான் பிடித்திருக்கிறது. அந்த ஸ்ஸ் சத்தம் அவர் காது இரைச்சலோடு கலந்துபோகிறதாம், எது வெளியே எது உள்ளே என்று தெரியவில்லையாம். "பாவம்மா, இந்தப் பாடற புள்ளைக்கும் காதுல ஊதுது" என்கிறார். அந்த முகம் தெரியாத வெள்ளைக்காரப் பையனை தினம் ஒருமுறை விசாரிக்கிறார். பாபாசாகேப் ஜெயந்தி ஊர்வலம் நம் பேட்டையில் இந்த வருடம் தள்ளிப்போய்ப் போன ஞாயிறுதான் நடந்தது, தெரு முழுக்க ஸ்பீக்கர் கட்டினார்கள். போன வருடம் ஊர்வலத்தன்று அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கினார். இந்த வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீலச் சட்டை போட்டு ஊர்வலத்தில் பாதி தூரம் போனார்.

ஷூகேஸ் கேட்டாயே. அந்த ஆட்கள் மேடையில் நிமிர்ந்தே பார்க்கமாட்டார்களாம். காலடியில் இருக்கிற பொத்தான்களை மிதிப்பதற்காகத் தங்கள் ஷூவையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். கேஸ் என்றால் உற்றுப் பார்ப்பது, அதனால் அந்தப் பெயர். நைனாவிடம் சொன்னேன். "மேஸ்திரி திட்டும்போது நாங்களும் செருப்ப பாத்துகினுதான் நின்னோம், எங்களுக்கு யாரும் பேரு வெக்கலியே" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஹெட்போனில் வலது பக்கம் கெட்டுவிட்டது என்று எழுதியிருந்தாய். நான் மாட்டிப் பார்த்தேன், நீலாவும் மாட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறது.

சீக்கிரம் பதில் போடு. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா,
கார்குழலி

சிங்கப்பூர்,
4.7.1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். பதில் தாமதமாகிவிட்டது, ஓவர்டைம். கோபப்படாதே. நான் நலம். இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படுக்கிறேன்.

மிச்சமிருந்த கேசட்டுகளை நேற்றுக் கட்டிலில் பரப்பிப் பெயர்வாரியாக அடுக்கினேன். ட்ரீம் பாப் என்றால் கனவு, தூக்கத்துக்குப் பக்கத்து வீடு. டவுன்டெம்போ என்றால் வேகத்தை இறக்கி வைத்தது. ட்ரிப்-ஹாப் இருக்கிறது, அதில் ஹாப் என்றால் குதிப்பது, அதனால் தள்ளி வைத்துவிட்டேன். டார்க் ஆம்பியன்ட் என்றால் விளக்கணைத்த ஆம்பியன்டாக இருக்கும். இந்தப் பெயர்களை வைத்தவன் ரொம்பப் பொறுமைசாலி. பெயரை மட்டும் பார்த்தே பாட்டு இன்னதென்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

எல்லாவற்றையும்விட மெதுவான ஒன்று கிடைத்திருக்கிறது. ஸ்லட்ஜ் என்று எழுதியிருக்கிறது. எங்கள் வேலையில் தினம் புழங்குகிற வார்த்தை. தொட்டி அடியில் வருடக்கணக்காகத் தங்கின எண்ணெய்க் கசடுக்கு இங்கே அதுதான் பெயர். கப்பலில் அதைவிட மெதுவானது எதுவும் கிடையாது. மண்வெட்டியில் அள்ளினால் கீழே விழ யோசிக்கும். நேற்று அந்தக் கேசட்டை முழுக்கக் கேட்டேன். ரொம்ப சாந்தம். நைனாவுக்கென்றே செய்தது, இதோடு அனுப்புகிறேன். சத்தத்தை நன்றாக ஏற்றி வைத்துக் கேட்கச் சொல்.

அக்கா, நீ எழுதும்போது பாட்டைக் கொஞ்சம் விவரமாக எழுது. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த இடத்தில் நைனா கண்ணை மூடினார், எல்லாம். படிக்க நன்றாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தம்பி,
பீம்ராவ்

வியாசர்பாடி,
1.8.1999

பீமா,

ஜெய்பீம். உன் நலம் பிறகு கேட்கிறேன்.

போன ஞாயிறு நைனாவுக்கு நீ சொன்ன கேசட்டைப் போட்டேன். நீ சொன்னபடி சத்தத்தை ஏற்றி வைத்து நான்தான் அவர் காதில் மாட்டினேன். நான் சமையலறைக்குத் திரும்பும் முன்னால் அலறல் கேட்டது. அவர் ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு இரண்டு கையாலும் காதில் அடித்துக்கொண்டிருந்தார். எடுத்து நான் கேட்டேன். மெதுவானதுதான், பொய்யில்லை. பாறையை இழுத்துக்கொண்டு வந்து தலையில் போடுகிற மெதுவு. நடுவில் ஒருத்தன், கழுத்தை அறுக்கிறார்களா என்னவோ, அப்படிக் கத்துகிறான்.

சங்கு திரும்ப வந்துவிட்டது. முன்னால் ஊதினதைவிடப் பெரிதாக. நாலு நாள் தூங்கவில்லை. வியாழக்கிழமை சாயந்திரம் ஆபீஸிலிருந்து வந்தால் வீடு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். பேட்டைப் பையன்கள் தேடி, ரயில் பாதை ஓரத்தில் கண்டுபிடித்தார்கள். தண்டவாளத்துக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். "ரயிலு போறப்ப மட்டும் சங்கு அடங்குதும்மா. இன்னும் கொஞ்சம் கிட்ட போனா நல்லா அடங்கும்" என்கிறார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அடுத்த நாளும் போகிறார். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து காவல் காக்கிறேன்.

முழுக்கக் கேட்டேன், ரொம்ப சாந்தம் என்று எழுதினாயே. எந்தக் காதால் கேட்டாய்?

கார்குழலி

வியாசர்பாடி,
12.9.1999

அன்புத் தம்பி பீமுக்கு,

ஜெய்பீம். ஆறு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நலமாக இருக்கிறாய் என்று நினைக்கத்தான் பார்க்கிறேன். நைனா பழைய லோ-ஃபையைத் திரும்பக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். ஒரு மணி, இரண்டு மணி தூங்குகிறார். தண்டவாளத்துப் பக்கம் போவதில்லை.

இதுவரை இருவரும் எழுதாத ஒன்றை எழுதிவிடுகிறேன். டிசம்பரில் மெடிக்கல் செக்கப்புக்கு உன்னோடு நான் வந்தேன், இங்கிலீஷில் பாரம் நிரப்ப. காது டெஸ்டுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் உன்னை உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். இடது காதுக்கு நன்றாகத் தூக்கினாய். வலது காதுக்கு மாற்றினார்கள். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பட்டறையில் நாலு வருடம் அடித்ததில் அந்தக் காது போய்விட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டெஸ்ட் எடுக்கிறவர் முதுகுக்குப் பின்னால்தான் நான் நின்றேன். அவர் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் பைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். நீ கையைத் தூக்கினாய். நீ என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

அன்றைக்கு இருவரும் சிரித்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டோம். இப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையை எழுது.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
அக்கா

சிங்கப்பூர்,
10.10.1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். நைனாவை நினைத்து அழுதேன். அவர் உடம்பு இப்போது எப்படி, அதை முதலில் எழுது.

நீ கேட்டதற்குப் பதில்: எந்தக் காதாலும் இல்லை.

இங்கே காதுமூடி கொடுத்தார்கள், நல்ல காதுமூடி. இரண்டு பக்கமும் மாட்டினால் எனக்கு மேஸ்திரி கூப்பிடுவது கேட்காது. மற்றவர்களுக்கு இரண்டு காதில் கொஞ்சம் கொஞ்சம் கேட்டுவிடும், எனக்கு இருந்தது ஒன்று. கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள், திரும்ப டெஸ்ட் எடுப்பார்கள். அதனால் இடது பக்கத்து மூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். கெட்ட காதை மூடி வைத்து நல்ல காதைத் திறந்து வைத்தவன் நான். ஐந்து மாதம் ஓடியது. ஜூனில் ஒருநாள் தொட்டியிலிருந்து மேலே ஏறி வந்தேன், ஊரே வாயை அசைத்துக்கொண்டிருந்தது.

கேசட்டை அதற்குப் பிறகும் போட்டேன். உள்ளே இரண்டு சக்கரமும் சுற்றுவது தெரியுமே, அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முழுக்கக் கேட்டேன் என்று எழுதியது அதைத்தான். பெயர்களை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். நான் பாட்டு அனுப்புவதை நிறுத்தினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம்.

மாசானத்துக்கு மட்டும் தெரியும். போன மாதம் கிரேனில் ஒரு இரும்புத் தகடு ஆடிக்கொண்டு வந்தது. அவன் மூன்று முறை கத்தினானாம். கடைசியில் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். அதிலிருந்து என் இடுப்பில் ஒரு கயிறு கட்டி மறுமுனையை அவன் வைத்துக்கொள்கிறான். ஒருமுறை இழுத்தால் நில். இரண்டு முறை இழுத்தால் ஓடு.

டிசம்பர் இருபதாம் தேதி வருடாந்தரக் காது டெஸ்ட். பாஸானால் இன்னும் இரண்டு வருடம். நீ நின்ற இடத்தில் மாசானம் நிற்பான். அக்கா, நீ யாரிடமும் சொல்லாதே. நைனாவிடம் மட்டும் சொல்லவே சொல்லாதே. அங்கே திரும்பி வந்து நான் என்ன செய்வது? எந்தப் பட்டறை சேர்த்துக்கொள்ளும்? ஒரே வீட்டில் இரண்டு செவிடர், நீ யாருக்கென்று கத்துவாய்?

எனக்கு சங்கு ஊதவில்லை. ஒன்றுமே ஊதவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல் என்று நைனா சொல்வார், நீ அவரிடம் சொல்ல வேண்டாம்.

உன் தம்பி,
பீம்ராவ்

வியாசர்பாடி,
7.11.1999

அன்புத் தம்பி பீமுக்கு,

ஜெய்பீம். உடம்பைப் பத்திரமாக வைத்துக்கொள். இதை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அந்தக் கயிற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாசானம் ஒருநாள் ஜுரத்தில் படுத்தால் மறுமுனை யார் கையில்? மூன்றாம் நாள் நீ சொல்லாதே என்றதைச் செய்தேன். முதலில் உன்னை அனுப்பின ஏஜென்ட் ரகுபதியிடம் போனேன். தம்பிக்கு இரண்டு காதும் கேட்கவில்லை, ஆபத்தான இடத்திலிருந்து எடுங்கள், வைத்தியம் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

"இன்னாம்மா வெளாடறியா? காது நூத்துக்கு நூறுன்னு எழுதிக் கீது பாரு. நீதான கூட வந்து வாங்கினு போன? இது மெய்யின்னா உன் தம்பிக்குக் காது கேக்குது. இது பொய்யின்னா நீங்க ரெண்டு பேரும் ஏமாத்திக்கீறீங்க, நயா பைசா பேராது. எது வோணும் சொல்லு."

நான் எழுந்து வந்தேன். ஆபீஸ் டைப்ரைட்டரில் உட்கார்ந்து உன் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரிக்கு இங்கிலீஷில் ஒரு பக்கம் அடித்தேன். என் தம்பிக்கு வேலைக்குச் சேரும் முன்பே வலது காது கேட்காது, டெஸ்டில் நான் சைகை காட்டினேன், இப்போது இடதும் போய்விட்டது, அவனைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். மாசானத்தின் பெயரை எழுதவில்லை. கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். உன் காதுக்கு அவர்கள் தரவேண்டிய நஷ்டஈடு அந்தக் கையெழுத்தோடு போய்விட்டது, அது தெரிந்தேதான் போட்டேன். அதை கூரியரில் அனுப்பினேன். இது சாதாரணத் தபாலில் வருகிறது. இதை நீ படிக்கும்போது அவர்கள் அதைப் படித்து முடித்திருப்பார்கள். உன்னைத் தடுக்க விடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன்.

நைனாவிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் செய்ததால்தான் இங்கே வந்து நிற்கிறோம். அவர் என் வாயையே பார்த்தார், சரியாகத்தான் கேட்டோமா என்கிற மாதிரி. "ரெண்டு காதுமா?" என்றார். ஆமாம் என்றேன். "முப்பது வருசம் காது கேக்குது கேக்குதுன்னு சொல்லிகினே கம்பெனில கெடந்தேன். வூட்டுலயும் அத்தையேதான் சொன்னேன். என்னைப் பாத்துத்தான அவனும் சொல்லிக்கிறான்" என்றார். அப்புறம் வாக்மேனைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டார். அதிலிருந்து அவர் எதையும் கேட்பதில்லை. நான் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். அவர் தூக்கமும் போய்விட்டது, அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்.

என்னைத் திட்டு. வேண்டுமானால் ஜென்மத்துக்கும் பேசாதே. ஆனால் முழு உடம்போடு வந்து பேசாமல் இரு.

அக்கா,
கார்குழலி

சிங்கப்பூர்,
28.11.1999

அக்காவுக்கு,

ஜெய்பீம். நைனா தூங்கினாரா?

உன் கடிதம் எனக்கு வருவதற்கு முன்னாலேயே என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்தார்கள். மாசானத்தை உள்ளே விடவில்லை. வெளியே வெறும் சுவர். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன், ஒருமுறைகூடக் கையைத் தூக்கவில்லை. டெஸ்ட் எடுத்த அம்மா காகிதத்தை முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் பேனாவை மூடினாள். அன்றே வேலை நின்றது. பொய்ச் சர்டிபிகேட்டில் வந்ததால் நஷ்டஈடு கிடையாது, திரும்பி வரவும் முடியாது.

எனக்குக் கோபம் இருக்கிறது. நான் செத்துவிடக்கூடாது என்று நீ நினைத்தது புரிகிறது. ஆனால் என்னைக் கேட்டிருக்க வேண்டும். பைலை மாற்றும்போதும் நீ கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. இது ஆறுகிறவரை உன்னோடு சரியாகப் பேசுவேனா தெரியாது.

மிச்சக் கேசட்டுகளை மாசானத்துக்குக் கொடுத்தேன். கேட்டுவிட்டு ஒரு காகிதத்தில், 'நல்லாருக்குடே, ஆனா அழுகை வருது' என்று எழுதிக் காட்டினான். எந்தக் கேசட் என்று கேட்டேன். அவன் அட்டையைப் பார்க்கவில்லையாம்.

டிசம்பர் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன், அதற்குள் கிடைக்கத்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நைனாவை அழைத்து வா, டாக்சியில் அழைத்து வா. அங்கே கம்பிக்கு வெளியே எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பார்த்திருக்கிறேன். நீங்கள் கூப்பிடாதீர்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் பாட்டுக்கு நடந்து போய்விடுவேன், நீ கோபத்தில் போகிறான் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

முன்னால் வந்து நில்.

பீமு